தாத்தா எப்பவும் தரையப் பாத்துதான் நடப்பாரு

எங்க ஊர்ல வந்து எங்க வீட்டுக்கு வழி கேட்டா யாரும் தெருப் பேரெல்லாம் சொல்ல மாட்டாங்க, "பட்டாளத்தார் வீடா, நேரா போயி அங்கிட்டு திரும்புங்க"ன்னுதான் சொல்வாங்க. ஆண்டிபட்டி பக்கத்துல ஒரு சின்ன ஊரு. தாத்தா பட்டாளத்துல இருந்தது 15 வருஷம், ரயில்வேல தண்டவாள வேலைல இருந்தது 25 வருஷம், ஆனா கடைசி வரைக்கும் அவரு பட்டாளத்தார்தான், ஒருத்தர் கூட கீமேன் வீடுன்னு சொல்லி நான் கேட்டதே இல்ல.

2024 ஜனவரில, பொங்கல் முடிஞ்ச கொஞ்ச நாள்ல தாத்தா இறந்தாரு. 80 வயசு. மார்ல சளி கட்டி நாலு நாள்தான் படுத்தாரு. முன்னாள் ராணுவத்தினர் ஏழெட்டு பேரு சட்டைல மெடலெல்லாம் குத்திக்கிட்டு வந்தாங்க, மலர் வளையம் வச்சாங்க, வரிசையா நின்னு சல்யூட் அடிச்சாங்க, அந்த நேரம் கொட்டுச் சத்தத்த கூட நிப்பாட்டிட்டாங்க. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. ஆனா கூட்டத்துக்குப் பின்னாடி, தேர் கட்டிட்டு இருந்த இடத்துக்கிட்ட, நாலு பெரியவங்க துண்டை கக்கத்துல வச்சுக்கிட்டு சும்மா நின்னுட்டே இருந்தாங்க. அவங்க ரயில்வேல தாத்தாவோட ஒரே கேங்ல வேல பாத்தவங்க. அவங்கள யாரும் முன்னாடி வாங்கன்னு கூப்பிடல. நானும் கூப்பிடல, அழுதுட்டு இருந்துட்டேன். நீர்மாலை எடுத்து தூக்கிட்டுப் போறப்ப அவங்களும் பின்னாடியே நடந்து வந்தாங்க, சுடுகாடு வரைக்கும் வந்துட்டு யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லாம போயிட்டாங்க. அது இன்னிக்கு வரைக்கும் எனக்கு உறுத்திட்டே இருக்கு. அந்த 25 வருஷத்தப் பத்தி யாராவது எழுதணும்ல, அதான் நான் எழுதுறேன்.

முதல்ல அவரோட நடையப் பத்தி சொல்லணும். தாத்தா கூட நடந்தா அவரு நம்ம மூஞ்சியவே பாக்க மாட்டாரு, பேசுவாரு, சிரிப்பாரு, கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்வாரு, ஆனா கண்ணு மட்டும் ரெண்டு மூணு அடி முன்னாடி தரைலயே இருக்கும். சின்ன வயசுல லீவுக்கு வந்தா என்னைய கடைக்கு கூட்டிட்டுப் போவாரு, போற வழில ஆணி, உடைஞ்ச கண்ணாடி, கருவேல முள்ளு எது கிடந்தாலும் குனிஞ்சு எடுத்து ஓரமா போட்டுட்டுத்தான் அடுத்த அடி வைப்பாரு, அஞ்சு நிமிஷத்துல போற கடைக்கு அரை மணி நேரம் ஆகும். அப்பத்தா திட்டும், "ரோட்ட கூட்டுறதுக்கா போனீக, புள்ளைக்குப் பசிக்காதா"ன்னு. எனக்கு அப்ப அது ஒரு வழக்கம்னுதான் தெரியும், அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிய ரொம்ப வருஷம் ஆச்சு.

தாத்தா பட்டாளத்துக்குப் போனது 1963ல, 19 வயசுல. 1962ல சீனா கூட சண்டை நடந்து முடிஞ்சு பட்டாளத்துக்கு நிறைய ஆள் எடுத்த நேரம். உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி பக்கமெல்லாம் மழைய நம்பி இருந்த காடுதான், வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துக்குப் போனா மத்தவங்க சாப்பிடலாம்னு இருந்த காலம். பெங்களூர்ல அல்சூர் ஏரிக்கரையில இருக்கிற மெட்ராஸ் சாப்பர்ஸ் சென்டர்லதான் ட்ரெய்னிங். மெட்ராஸ் சாப்பர்ஸ்னா மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், 1780ல இருந்து இருக்கிற படை, பாலம் கட்டுறது, ரோடு போடுறது, கண்ணிவெடி வைக்கிறது, கண்ணிவெடி எடுக்கிறது எல்லாம் இவங்க வேலை. ஆர்மில இவங்கள "தம்பி"ன்னுதான் கூப்பிடுவாங்களாம், எந்த ஊரு ஆபீசரா இருந்தாலும், பஞ்சாபியா இருந்தாலும் வங்காளியா இருந்தாலும் தம்பிதான். அத சொல்றப்ப தாத்தாவுக்கு ஒரு சந்தோஷம் வரும், "இந்தி தெரியாதவன் எல்லாம் என்னைய தமிழ்ல கூப்பிட்டான் தாயி"ம்பாரு.

1965 சண்டையப் பத்தி பெருசா ஒண்ணும் சொன்னதில்ல. 1971ஐப் பத்தி ஒரே ஒரு தடவ சொன்னாரு. நான் பத்தாவது படிக்கிறப்ப, கரண்ட் போன ஒரு ராத்திரி, திண்ணைல உக்காந்துட்டு இருந்தோம், நான்தான் நச்சரிச்சேன், சண்டைல என்ன செஞ்சீங்க தாத்தா, துப்பாக்கில சுட்டீங்களான்னு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாரு. அப்புறம், "நான் துப்பாக்கிய முதுகுல மாட்டிக்கிட்டு மண்ணக் குத்திட்டு இருந்தேன் தாயி"ன்னாரு.

மேற்கு பக்கம், பாகிஸ்தான் எல்லைல, ஷக்கர்கர்ங்கிற இடத்துல பசந்தர்னு ஒரு ஆறு. டிசம்பர் மாசம், பஞ்சாப் குளிரு. நம்ம டேங்க் எல்லாம் ஆத்தத் தாண்டி அக்கரைக்குப் போகணும், ஆனா வழி பூரா பாகிஸ்தான்காரங்க கண்ணிவெடி புதைச்சு வச்சிருக்காங்க. டேங்க் வர்றதுக்கு முன்னாடி சாப்பர்ஸ் போயி அதுல ஒரு பாதை எடுக்கணும். ட்ராலுன்னு டேங்க் முன்னாடி மாட்டுற ஒரு உருளை இருக்கு, ஆனா எல்லா இடத்துலயும் அத நம்ப முடியாது, மனுஷன்தான் போகணும். குப்புறப் படுத்துக்கிட்டு ஒரு நீளமான கம்பிய சாய்வா மண்ணுக்குள்ள மெதுவா இறக்கணும், நேரா மேல இருந்து குத்தினா வெடி மேலயே குத்திரும், அதனால சாய்ச்சுதான் விடணும், அப்பத்தான் அது வெடியோட பக்கவாட்டுல போய் முட்டும். முட்டுனா கை நின்னுரணும். கல்லா வெடியான்னு விரலால மண்ண விலக்கிப் பாக்கணும். பாத்த வரைக்கும் ரெண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டிட்டே போகணும், அந்த நாடாவுக்குள்ள வர்றவன் பொழைச்சுக்குவான், ஒரு அடி வெளிய வச்சா அவ்வளவுதான். இருட்டுல, பனில, தலைக்கு மேல ஷெல் போய்ட்டு இருக்கப்ப இந்த வேலை.

டிசம்பர் 15 ராத்திரி பாதை எடுத்து முடியறதுக்கு முன்னாடியே அக்கரைல எதிரி டேங்க் வருதுன்னு தகவல் வந்துருச்சு, பூனா ஹார்ஸ்ங்கிற நம்ம டேங்க் படை காத்திருக்காம பாதி எடுத்த பாதைலயே உள்ள இறங்கிருச்சு. தாத்தா அத சொல்றப்ப கைய ரெண்டையும் தரைல ஊனி காட்டினாரு, "பின்னால டேங்க் வர்றது காதுல கேக்கல தாயி, வயித்துல கேட்டுச்சு, மண்ணு அதிர்றது படுத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும்." மறுநாள் நடந்த டேங்க் சண்டைலதான் 21 வயசு அருண் கேத்தர்பால் இறந்து பரம்வீர் சக்ரா கிடைச்சது, அந்தப் பேரு நிறைய பேருக்குத் தெரியும். கண்ணிவெடிக்குள்ள பாதை எடுத்துக் குடுத்த சாப்பர்ஸ் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் அங்கேயே இறந்தாரு, அவருக்கு மகாவீர் சக்ரா, அந்தப் பேரு எனக்கு தாத்தா சொல்லித்தான் தெரியும். தாத்தாவுக்குப் பக்கத்துல படுத்துக் கம்பி விட்ட வேலூர்ப் பக்கத்து ஆளு ஒருத்தருக்கு ஒரு கால் போச்சு. அதுக்கு மேல தாத்தா சொல்லல, நானும் கேக்கல, கரண்ட் வந்துருச்சு.

இன்னொண்ணும் சொன்னாரு, எனக்கு அதுதான் மனசுல ரொம்ப நிக்குது. "சண்டை ரெண்டு வாரத்துல முடிஞ்சுபோச்சு, கண்ணி எடுக்கிறதுதான் முடியல." போர் நின்ன பிறகும் மாசக்கணக்கா அதே வேலைதானாம், ஏன்னா அது கோதுமை விளையுற காடு, ஏர் ஓட்டுறவன் கால் வைக்கணும்ல. சண்டைல செத்தவங்க கணக்கு எல்லாருக்கும் தெரியும், அதுக்கப்புறம் அமைதி வந்த மண்ணுல உயிரக் குடுத்தவங்களப் பத்தி யாரு பேசுறா.

1978ல நாயக்ங்கிற ரேங்க்ல பென்ஷன் வாங்கிட்டு வந்தாரு. 34 வயசு, ரெண்டு பிள்ளைங்க, பென்ஷன் அப்ப ரொம்பக் கம்மி. முன்னாள் ராணுவத்தினருக்கு மத்திய அரசு வேலைல ஒதுக்கீடு இருக்கு, நாலாம் கிளாஸ் வேலைல அது அப்ப கொஞ்சம் கூடுதல். அதுல எழுதிப் போட்டு 1979ல ரயில்வேல கேங்மேன், அப்புறம் கீமேன். பட்டாளத்துல நாயக்கா இருந்தவரு கேங்ல சேர்ந்து மண்ணு வெட்டுறதா, ஜல்லி அள்ளுறதான்னு சொந்தக்காரங்க சில பேரு கேட்டாங்களாம், அப்பத்தா இத இப்பவும் கோவமா சொல்லும். தாத்தா அதுக்கு ஒண்ணும் சொல்லல, மறுநாள் காலைல டூட்டிக்குப் போயிட்டாரு.

கீமேன்னா என்ன வேலைன்னு நிறைய பேருக்குத் தெரியாது, ரயில்ல போறப்ப ஒரு ஆளு தோள்ல சுத்தியல், கைல பச்சை சிவப்பு கொடியோட ஓரமா ஒதுங்கி நிக்கிறத பாத்திருப்பீங்க, அவருதான். அப்பல்லாம் தண்டவாளத்த சிலீப்பர் கட்டையோட பிடிச்சு வைக்கிறதுக்கு இரும்புல ஒரு ஆப்பு அடிச்சிருப்பாங்க, அதுதான் கீ. வண்டி போகப் போக அதிர்ச்சில அது கொஞ்சம் கொஞ்சமா நழுவி வெளிய வரும். அத தினமும் நடந்து பாத்து, நழுவினத அடிச்சு உள்ள தள்ளணும். தண்டவாளம் சேர்ற இடத்துல பிஷ் பிளேட், போல்ட், நட்டு எல்லாம் இறுக்கமா இருக்கான்னு பாக்கணும், விரிசல் இருக்கான்னு பாக்கணும். ராத்திரி குளிர்ல இரும்பு சுருங்கும், விரிசல் விட்டா அப்பத்தான் விடும், அதனால காலைல பாக்குறது ரொம்ப முக்கியம். வெயில் காலத்துல விரியும், அதுக்கு முன்னாடியே ஜாயின்ட்ட கழட்டி எண்ணெய் போட்டு வைக்கணும். தாத்தாவுக்கு ஆறு கிலோமீட்டர் பீட், போக ஒரு பக்கம், வர ஒரு பக்கம், மொத்தம் 12. சுத்தியலால லேசா தட்டிட்டே போவாரு, இறுகி இருந்தா கணீர்னு கேக்கும், லூசா இருந்தா சத்தம் செத்துப் போயி டொக்குன்னு கேக்கும்னு சொல்வாரு. குனிஞ்சு பாக்கவே வேண்டியதில்ல, காதே போதும், ஆனாலும் குனிஞ்சு பாப்பாரு.

நான் ஒரு நாள் கணக்குப் போட்டேன். வருஷத்துக்கு 300 நாள்னு வச்சாலும் 12 கிலோமீட்டர் வீதம் 3,600, 25 வருஷத்துக்கு 90,000 கிலோமீட்டர். பூமிய ரெண்டு தடவ சுத்தி வந்து இன்னும் மிச்சம் இருக்கு. அந்த ஆறு கிலோமீட்டருக்குள்ளயே. இத தாத்தாகிட்ட சொன்னப்ப அவரு நம்பல, பேப்பர்ல எழுதிக் காட்டுன்னாரு, எழுதிக் காட்டினேன், கண்ணாடிய போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துட்டு மடிச்சு சட்டைப் பைல வச்சுக்கிட்டாரு.

ஒரு ஐப்பசி மழைல நடந்தது எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். ராத்திரியெல்லாம் அடைமழை, விடியுறதுக்கு முன்னாடி லாந்தர எடுத்துட்டு கிளம்பிட்டாரு. ஒரு ஓடைப் பாலத்துக்கிட்ட ஜல்லியெல்லாம் அரிச்சுட்டுப் போயி தண்டவாளம் அந்தரத்துல தொங்குது. காலை வண்டி வர்ற நேரம். செல்போன் எல்லாம் ஏது. வண்டிய நிறுத்த டெட்டனேட்டர்னு ஒண்ணு கீமேன் கைல இருக்கும், தண்டவாளத்து மேல கட்டி வச்சா சக்கரம் ஏறுனதும் வெடிக்கும், டிரைவர் பிரேக் போடணும். மீட்டர்கேஜ் லைன்ல 400 மீட்டர்ல ஒண்ணு, 800 மீட்டர்ல பத்து பத்து மீட்டர் இடைவெளி விட்டு மூணு, அதுதான் ரூல். கும்மிருட்டுல மழைல 800 மீட்டர எப்படி தாத்தா கணக்குப் பண்ணீங்கன்னு கேட்டேன். "எத்தன அடின்னு காலுக்குத் தெரியும் தாயி"ன்னாரு. வண்டி நின்னுச்சு. டிரைவர் இறங்கி வந்து தாத்தா கையப் பிடிச்சுக்கிட்டு பேச்சே வராம நின்னாராம். ஒரு சர்டிபிகேட்டும் கொஞ்சம் ரூபாயும் குடுத்தாங்க. அந்த சர்டிபிகேட் பட்டாளத்து ட்ரங்குப் பெட்டில, 1971 சண்டைக்குக் குடுத்த பஸ்சிமி ஸ்டாருக்கும் சங்க்ராம் மெடலுக்கும் பக்கத்துல இருக்கு. தாத்தாதான் அங்க வச்சாரு.

அத பாத்தப்பதான் எனக்கு விளங்குச்சு, ஊரு பிரிச்சுப் பாக்குற மாதிரி அவரு பிரிச்சுப் பாக்கவே இல்லன்னு. ரெண்டு இடத்துலயும் அவரு செஞ்சது ஒரே வேலைதான், பின்னால ஏதோ பெருசா வருது, அதுக்கு முன்னாடி போயி தரையப் பாக்கணும். பட்டாளத்துல அதுக்கு வெள்ளை நாடா, இங்க பச்சைக் கொடி. சண்டைல செஞ்சா சல்யூட் அடிக்கிறோம், தினமும் காலைல செஞ்சா பேரு கூட கேக்கிறதில்ல. இன்னிக்கும் லைன்ல வேலை பாக்குறப்ப வண்டி அடிச்சு சாகிற டிராக்மேன் எத்தனையோ பேரு, பேப்பர்ல மூலையில நாலு வரி வரும்.

2004ல ரிட்டயர்டு ஆனாரு. சுத்தியல், ஸ்பேனர், கொடி, லாம்பு எல்லாத்தையும் ஒப்படைச்சு சீட்டு வாங்கிட்டு வந்தாரு, அந்தச் சீட்டும் பெட்டில இருக்கு. ஒரு போல்ட் கூட வீட்டுக்கு வரல.

தாத்தா வேலை பாத்த மதுரை போடி லைனப் பத்தி இங்க கொஞ்சம் சொல்லணும். 1928ல போட்ட லைன், 90 கிலோமீட்டர். போடி, மலைல இருந்து ஏலக்காய் இறங்குற ஊரு. இரண்டாம் உலகப்போர் சமயத்துல இரும்பு வேணும்னு வெள்ளைக்காரங்க தண்டவாளத்தயே பேத்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. சுதந்திரம் வந்த பிறகு 1950கள்லதான் திருப்பி போட்டாங்க, தாத்தாவுக்கு அப்ப ஒம்பது பத்து வயசு இருக்கும், முதல் வண்டி ஆண்டிபட்டி கணவாய்ல ஏறி வர்றத பாக்க ஊரே போயி நின்னுச்சாம், கரி இன்ஜின் புகைய பாத்துட்டு காட்டுல மாடெல்லாம் கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சாம். அதே லைன்ல 2010 கடைசியோட மீட்டர்கேஜ் வண்டிய நிப்பாட்டிட்டாங்க, அகலப்பாதை போடப் போறோம்னு. ரெண்டு மூணு வருஷம்னு நினைச்சோம், பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. பழைய தண்டவாளத்த எடுத்து லாரில ஏத்துனப்ப தாத்தா போய் பாக்கல. அந்தப் பக்கமே போகாம சுத்துவழில சந்தைக்குப் போனாரு. அப்பத்தா சொல்லும், "எழவு வீட்டுக்குப் போன மாதிரி இருந்தாரு"ன்னு.

கணவாய்ல பாறைய வெட்டி, பாலமெல்லாம் புதுசா கட்டி, 2022 மே மாசம் தேனி வரைக்கும் வண்டி வந்துச்சு. நான் லீவு போட்டுட்டு வந்தேன், தாத்தாவ கார்ல ஆண்டிபட்டி ஸ்டேஷனுக்கு கூட்டிட்டுப் போனோம். 78 வயசு, வெள்ளைச் சட்டை, கைல குச்சி. அவ்வளவு கூட்டம், செல்பி எடுக்கிறாங்க, பூத் தூவுறாங்க. தாத்தா வண்டிய பாக்கல, குனிஞ்சு தண்டவாளத்த பாத்தாரு. இப்பல்லாம் கான்கிரீட் சிலீப்பர், கம்பி வளைச்ச மாதிரி கிளிப்பு, கீயே கிடையாது. தண்டவாளத்தையும் நீள நீளமா வெல்டிங் வச்சு ஒட்டிடுறாங்க, முன்ன மாதிரி அடிக்கடி ஜாயின்ட் இல்ல. வண்டி கிளம்பி போச்சு, தாத்தா கண்ண மூடிட்டு நின்னாரு, நான் அழுறாருன்னு நினைச்சேன். "சத்தமே இல்லையே தாயி"ன்னாரு. அந்த தடக் தடக் சத்தத்த தேடியிருக்காரு. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, "நல்லா போட்டிருக்கான், நல்லா இறுகியிருக்கு"ன்னாரு. சின்னப் பையனா ஒரு தடவ, கிழவனா ஒரு தடவ, ஒரே லைனு ரெண்டு தடவ உயிரோட வர்றத பாத்த ஆளு அவரு. 2023 ஜூன்ல போடி வரைக்கும் வண்டி போக ஆரம்பிச்சுச்சு, அதுல ஒரு தடவ போயிட்டு வரணும்னு சொல்லிட்டே இருந்தாரு, நாங்கதான் இந்த மாசம் அடுத்த மாசம்னு தள்ளிப் போட்டுட்டோம். அத நினைச்சா இப்பவும் தாங்க முடியல.

அவரு போனப்புறம் அப்பத்தாவ மதுரைல டாக்டர்கிட்ட காட்டிட்டு திரும்பி வர்றப்ப ரயில்ல வந்தோம். அப்பத்தா அந்த லைன்ல எத்தனையோ தடவ பாஸ்ல போயிருக்கு, ஆனா அகலப்பாதை ஆனப்புறம் அதுதான் முதல் தடவ. உசிலம்பட்டி தாண்டுனதும் ஜன்னல் பக்கம் என்னைய எந்திரிக்கச் சொல்லிட்டு அது உக்காந்துச்சு. "கணவாய் தாண்டுனா ஒரு வேப்பமரம் வரும்த்தா, அதுக்குக் கீழதான் சோறு கொண்டு போய் குடுப்பேன், பாத்துட்டே வா"ன்னுச்சு. நானும் பாத்தேன், அப்பத்தா கம்பில மூஞ்சிய வச்சுக்கிட்டு பாத்துச்சு. வண்டி நல்ல வேகம். தாத்தா ரெண்டு மணி நேரம் தட்டித் தட்டி நடந்த தூரம், அஞ்சு நிமிஷம் போல ஆச்சு, ஆண்டிபட்டி ஸ்டேஷன் வந்துருச்சு.

"மரத்தக் காணோமே"ன்னுச்சு அப்பத்தா. வெட்டிட்டாங்களோ, வேகத்துல நாங்கதான் விட்டுட்டோமோ தெரியல. இறங்குறப்ப என் கையப் பிடிச்சுக்கிட்டு, குனிஞ்சு பிளாட்பாரத்த பாத்து, மெதுவா ஒரு கால எடுத்து வச்சுச்சு.